கையெழுத்திட்ட ஒப்பந்தம் முறிந்தால்: கொழும்பில் முதல் கடிதத்திலிருந்து காசு கைக்கு வரும்வரை

கொழும்புக்குப் புதிதாக வருகிற ஒருவர் முதல் வருடத்திலேயே நான்கைந்து இடத்தில் கையெழுத்து வைத்துவிடுவார். வெள்ளவத்தையில் வாடகை வீடு, வேலைக் கடிதம், வங்கிக் கடன், புறக்கோட்டையில் சாமான் எடுப்பு, தெரிந்தவருக்குப் பிணை. இதில் ஒன்று முறியும்போது சிலர் நேரே பொலிசுக்கு ஓடுகிறார்கள். மற்றவர்கள் “கோட்டுக்குப் போனால் பேரப்பிள்ளை காலத்தில்தான் தீர்ப்பு” என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். இரண்டிலும் நட்டம் உங்களுக்குத்தான். இலங்கையில் ஒப்பந்த மீறல் அடிப்படையில் சிவில் விவகாரம். அதில் உங்கள் பலம், பிரச்சினை தொடங்கிய முதல் சில வாரங்களில் சேர்த்து வைக்கிற தாள்களில்தான் இருக்கிறது.

மற்றவர் மீறியதால் நட்டப்பட்டவருக்காகவே பெரும்பகுதி எழுதப்பட்டுள்ளது. ஒப்பந்தத்திலிருந்து தானே வெளியே வரவேண்டியவர் கடைசிப் பகுதியை முதலில் படிக்கலாம். தொகை பெரிதென்றால் சட்டத்தரணி கட்டாயம். இதைப் படித்துவிட்டுப் போனால் அவரிடம் என்ன கேட்பது என்றாவது தெரிந்திருக்கும்.

1. உங்கள் கையிலிருக்கும் தாள் சட்டத்தில் நிற்குமா?

சாதாரண ஒப்பந்தத்துக்கு முத்திரையோ நொத்தாரிசோ (உறுதி எழுதிச் சான்றுப்படுத்தும் சட்டத்தரணி) தேவையில்லை. சாமான் வாங்க, வேலை செய்விக்க, சேவை பெற இரண்டு பேர் உடன்பட்டுக் கையெழுத்திட்டால் போதும். மின்னஞ்சலிலும் வட்ஸ்அப்பிலும் பேசி முடித்ததும் கணக்கில் வரும். 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல் சட்டம் அதற்கு இடம் தருகிறது.

காணியும் வீடும் வேறு கதை. 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உண்டு. காணி விற்பனை, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கை, ஈடு (அடமானம்), ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை ஆகியவை நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு கையெழுத்திடப்பட வேண்டும். இல்லையென்றால் அவற்றுக்குச் சட்ட வலு இல்லை.

கொழும்பில் அதிகம் பேர் விழுகிற குழி இதுதான். வீட்டுச் சொந்தக்காரரும் நீங்களும் இரண்டு வருட “அக்ரிமென்ட்” ஒன்றை டைப் செய்து, முத்திரை ஒட்டி, பக்கத்து வீட்டுக்காரரைச் சாட்சியாக வைத்துக் கையெழுத்திடுகிறீர்கள். நொத்தாரிசு இல்லை. நீங்கள் குடியிருந்து வாடகை கட்டினால் நீதிமன்றம் அதை மாதாந்த வாடகையாகத்தான் பார்க்கும். இரண்டு வருடம் இருக்கலாம் என்ற உறுதி உங்களுக்கு இல்லை. மிச்ச மாதங்களின் வாடகையைக் கேட்கிற பலம் சொந்தக்காரருக்கும் இல்லை.

தொடர்மாடி வீடு வாங்குவதற்கு ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு முற்பணம் கொடுப்பதும் இதே வகை. அந்தக் கடிதத்தை வைத்து உறுதி (விற்பனைப் பத்திரம்) எழுதித் தரும்படி வற்புறுத்த முடியாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம், அவ்வளவுதான். அந்தக் கடிதத்தை ஆதாரமாகப் பத்திரப்படுத்துங்கள்.

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கம் இன்னொன்று. சொந்தக்காரர் கனடாவிலோ லண்டனிலோ இருப்பார், கையெழுத்திடுவது இங்கிருக்கும் உறவினர். அவரிடம் அற்றோர்ணித் தத்துவம் (சொந்தக்காரருக்குப் பதிலாகக் கையெழுத்திட அதிகாரம் தரும் பத்திரம்) இருக்கிறதா, அது பதிவு செய்யப்பட்டதா, குத்தகைக்குக் கொடுக்கவோ விற்கவோ அதில் அதிகாரம் உள்ளதா என்று பாருங்கள். “அண்ணா போனில் சொல்லிவிட்டார்” என்பதை வைத்து வழக்குப் பேச முடியாது.

கடனுக்குப் புறோநோட்டு (காசைத் திருப்பித் தருவதாகக் கையெழுத்திடும் தாள்) எழுதியிருந்தால் 1918 ஆம் ஆண்டின் பணம் கடன் கொடுத்தல் கட்டளைச் சட்டத்தின் 10 ஆம் பிரிவை மறக்க வேண்டாம். உண்மையில் கொடுத்த முதல், முன்கூட்டியே கழித்த வட்டி, வருட வட்டி வீதம் ஆகிய மூன்றும் அந்தத் தாளிலேயே எழுதப்பட்டிருக்க வேண்டும். ஐந்து இலட்சம் என்று எழுதிவிட்டு வட்டியைக் கழித்து நான்கரை இலட்சம் கையில் கொடுப்பவர்கள் நீதிமன்றத்தில் தடுக்கி விழுவது இங்கேதான்.

சிங்களத்தில் இருந்தது, விளங்கவில்லை, நம்பிக் கையெழுத்து வைத்தேன் என்று சொல்வதால் பெரிய பயன் கிடைக்காது. கையெழுத்திட்டவர் வாசித்து விளங்கிக்கொண்டார் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். ஏமாற்றியே கையெழுத்து வாங்கினார்கள் என்றால் அதை நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது.

2. ஒப்பந்தத்தைப் பென்சிலோடு ஒருமுறை படியுங்கள்

சட்டத்தரணியிடம் போவதற்கு முன் ஐந்து இடங்களைத் தேடி அடையாளமிடுங்கள்: எந்தத் திகதிக்குள் யார் என்ன செய்யவேண்டும், தவறினால் எத்தனை நாள் அறிவித்தல் கொடுத்துத் திருத்த வாய்ப்புத் தரவேண்டும், முடிவுறுத்துவது எப்படி, தண்டப்பணம் அல்லது முன்னரே குறித்த நட்டஈடு உண்டா, பிணக்கு வந்தால் நீதிமன்றமா நடுத்தீர்ப்பா (நீதிமன்றத்துக்கு வெளியே நடுவர் வைத்துத் தீர்ப்பது).

இரண்டாவதில்தான் ஆத்திரக்காரர்கள் மாட்டுகிறார்கள். ஒப்பந்தம் 14 நாள் எழுத்து மூல அறிவித்தல் கேட்கிறது. மூன்றாம் நாளே “எல்லாம் முடிந்தது, இனிக் கதைக்க வேண்டாம்” என்று வட்ஸ்அப்பில் அனுப்பி வேறொருவரிடம் வேலையைக் கொடுத்துவிட்டால், மீறியவர் நீங்கள் என்று கதை தலைகீழாகலாம்.

எல்லா மீறலும் ஒப்பந்தத்தை முடிக்கப் போதாது. ஒப்பந்தத்தின் அடிவேரைத் தொடுகிற மீறலாக இருந்தால்தான் முறித்துக்கொண்டு நட்டஈடும் கேட்கலாம். நான்கு நாள் தாமதம், ஒரு பெட்டியில் உடைந்த சாமான் போன்றவற்றுக்கு நட்டஈடு மட்டும் கேட்டு ஒப்பந்தத்தைத் தொடர்வதுதான் பாதுகாப்பு.

விலை ஏறியது, நட்டம் வந்தது என்பதெல்லாம் மீறியவருக்குச் சாட்டு ஆகாது. 2022 இல் டொலர் எகிறியபோது பலர் இதைச் சொல்லிப் பார்த்தார்கள். செய்வது கடினமாகிவிட்டது என்பது போதாது, செய்யவே முடியாத நிலை வந்திருக்க வேண்டும். அல்லது அப்படியான சூழலுக்கு ஒப்பந்தத்திலேயே ஒரு பிரிவு இருக்கவேண்டும்.

3. முதல் வாரத்திலேயே ஆதாரத்தைக் கட்டி வையுங்கள்

ஒரு பைல் வாங்கி, திகதி வரிசையில் அடுக்குங்கள். ஒப்பந்தத்தின் மூலப்பிரதி, வங்கிக் கூற்று, பற்றுச்சீட்டுகள், பில், ஒப்படைப்புக் குறிப்புகள், மின்னஞ்சல்கள், படங்கள். நொத்தாரிசு உறுதியின் பிரதி உங்களிடம் இல்லையென்றால் நொத்தாரிசிடமோ, பதிவானதாக இருந்தால் காணிப் பதிவகத்திலோ உறுதிப்படுத்திய பிரதி எடுக்கலாம்.

வட்ஸ்அப் ஸ்கிரீன்ஷொட்டை மட்டும் நம்ப வேண்டாம். பெயருக்குப் பதிலாகத் தொலைபேசி இலக்கம் தெரியும்படி படம் எடுங்கள். முழு உரையாடலையும் ஏற்றுமதி செய்து மின்னஞ்சலில் வையுங்கள். குரல் பதிவுகளை அழிக்காதீர்கள், அந்தக் கைபேசியையும் விற்காதீர்கள். வழக்கில் எதிர்த்தரப்பு “இது என்னுடையது இல்லை” என்று சொன்னால் மூலக் கருவி தேவைப்படும்.

காசைக் கையில் கொடுத்திருந்தால் ஆதாரம் மெலிவு. இப்போதும் ஒன்று செய்யலாம். “மார்ச் 4 ஆந் திகதி நான் தந்த இரண்டு இலட்சத்துக்குப் பற்றுச்சீட்டு இன்னும் வரவில்லை, அனுப்புங்கள்” என்று சாதாரணமாக ஒரு செய்தி அனுப்புங்கள். “நாளைக்குத் தாறன்” என்று பதில் வந்தால் அதுவே ஆதாரம்.

ஒப்பந்தம் தமிழில் எழுதப்பட்டிருந்தால் மொழிபெயர்ப்புச் செலவையும் கணக்கில் வையுங்கள். கொழும்பில் மாவட்ட நீதிமன்றப் பதிவுகள் சிங்களத்தில் நடக்கின்றன. சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரின் பிரதி கேட்பார்கள். அவர்கள் பக்கக் கணக்கில் அறவிடுவதால் அவசியமான பக்கங்களை முதலில் சட்டத்தரணியோடு தெரிவுசெய்துவிட்டுக் கொடுங்கள். நீதிமன்றத்தில் தமிழில் சாட்சி சொல்லவும் மொழிபெயர்ப்பாளர் கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. கேட்கத் தயங்க வேண்டாம்.

4. கோரிக்கைக் கடிதம்

வழக்குக்கு முன் அனுப்பும் இந்தக் கடிதத்துக்குப் பிறகுதான் பல பிணக்குகள் முடிகின்றன. சட்டத்தரணியின் கடிதத்தலைப்பில் போனால் பாரம் கூட. சிறு தொகைக்கு நீங்களே எழுதினாலும் செல்லும். திட்டு வேண்டாம், மிரட்டல் வேண்டாம், குடும்பக் கதை வேண்டாம். உள்ளடக்கம் இப்படி இருந்தால் போதும்:

“மார்ச் 3 ஆந் திகதி நாம் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின் 4 ஆம் பிரிவின்படி, 400 சீருடைத் துணிகளைத் தலா 1,450 ரூபாப்படி மே 15 ஆந் திகதிக்கு முன் ஒப்படைக்க உடன்பட்டீர்கள். முற்பணமாக 200,000 ரூபாவை மார்ச் 4 ஆந் திகதி உங்கள் வங்கிக் கணக்கில் வைப்பிலிட்டேன். இன்றுவரை துணி கிடைக்கவில்லை. இக்கடிதம் கிடைத்து 14 நாட்களுக்குள் முழுத் தொகுதியையும் ஒப்படைக்குமாறு கோருகிறேன். தவறும் பட்சத்தில் ஒப்பந்தத்தை முடிவுறுத்தி, முற்பணம், விலை வித்தியாசம், வட்டி, வழக்குச் செலவு ஆகியவற்றைப் பெற நடவடிக்கை எடுப்பேன். எனது உரிமைகள் எதையும் இதன்மூலம் விட்டுக்கொடுக்கவில்லை.”

பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஒப்பந்தத்தில் உள்ள முகவரிக்கு ஒன்று, இப்போது இருக்கும் முகவரிக்கு ஒன்று. தபால் கந்தோர் தரும் துண்டைக் கடிதப் பிரதியின் பின்னால் ஒட்டி வையுங்கள். வெப்பத்தாளில் அச்சிட்ட பற்றுச்சீட்டுகள் சில மாதத்தில் மங்கிவிடும், உடனே போட்டோகொப்பி எடுங்கள். அதே கடிதத்தை மின்னஞ்சலிலும் அனுப்புங்கள்.

இப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால் பேசாமல் இருக்க வேண்டாம். வணிக விவகாரத்தில் மறுக்கவேண்டிய கடிதத்துக்குப் பதிலே போடாவிட்டால், அதிலுள்ளதை ஏற்றுக்கொண்டதாக நீதிமன்றம் கருத இடமுண்டு. “உங்கள் கோரிக்கையை முழுமையாக மறுக்கிறேன், விபரமான பதில் பின்னர் தரப்படும்” என்ற இரண்டு வரியாவது போகவேண்டும்.

சமரசம் பேசும் கடிதங்களின் தலையில் “உரிமைகளுக்குப் பங்கமின்றி” என்று எழுதுங்கள். பேச்சுவார்த்தையில் நீங்கள் விட்டுக்கொடுக்க முன்வந்த தொகையைப் பின்னர் உங்களுக்கு எதிராகக் காட்டாமல் தடுக்க அது உதவும். கோரிக்கைக் கடிதத்தின் தலையில் இதைப் போடாதீர்கள். அந்தக் கடிதத்தை நீங்களே நீதிமன்றத்தில் காட்டவேண்டி வரும்.

5. எவ்வளவு கேட்கலாம்?

மேலே உள்ள துணிக் கணக்கையே எடுப்போம். 400 துணி, தலா 1,450 ரூபா, மொத்தம் 580,000. ஒப்படைக்கவேண்டிய நாளில் சந்தை விலை 1,600 ஆகிவிட்டது. சாமான் விற்பனையில் அடிப்படை விதி ஒப்பந்த விலைக்கும் சந்தை விலைக்கும் உள்ள வித்தியாசம். 150 ரூபா வீதம் 400 துணிக்கு 60,000. முற்பணம் 200,000 சேர்ந்து 260,000. இதற்கு மேல் வட்டி.

நீங்கள் இரண்டு மாதம் சும்மா இருந்துவிட்டு 1,750 ரூபாவுக்கு வாங்கினால், மேலதிகமான 60,000 ஐ அவர் தலையில் கட்ட முடியாது. நட்டத்தைக் குறைக்க நியாயமான முயற்சி எடுக்கவேண்டியது நட்டப்பட்டவரின் பொறுப்பு. வேறு இரண்டு கடையில் விலைக்கூற்று எடுத்துத் திகதியோடு பைலில் வையுங்கள். அந்த இரண்டு தாளும் பின்னர் பெரிய வாதத்தைச் சுருக்கும்.

“பாடசாலைத் தவணை தொடங்கமுன் விற்றிருந்தால் இவ்வளவு லாபம் வந்திருக்கும்” என்பதையும் கேட்கலாம். ஆனால் தவணைக்காகத்தான் வாங்குகிறீர்கள் என்பது ஒப்பந்தம் செய்யும்போதே மற்றவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அதனால்தான் “தவணை தொடக்க விற்பனைக்காக” என்ற ஒரு வரியை ஒப்பந்தத்தில் சேர்ப்பது நல்லது. மன உளைச்சலுக்கு இத்தனை இலட்சம் என்று கேட்பது ஒப்பந்த வழக்கில் பெரும்பாலும் எடுபடாது. கோரிக்கையின் நம்பகத்தன்மையைக் கெடுப்பதுதான் மிச்சம்.

ஒப்பந்தத்தில் தண்டத்தொகை எழுதியிருந்தால் அது அப்படியே கிடைக்கும் என்று எண்ணாதீர்கள். உண்மையான நட்டத்துக்குப் பொருத்தமான முன்மதிப்பீடா, வெறும் பயமுறுத்தலா என்று நீதிமன்றம் பார்க்கும்.

காசுக்குப் பதிலாகச் சொன்னதைச் செய்யவைக்கும்படியும் கேட்கலாம். நொத்தாரிசு உடன்படிக்கையோடு காணி வாங்கியவருக்கு இதுதான் முக்கியமான பரிகாரம். அப்படி வழக்குப் போட்டால் வழக்கு நிலுவையை அந்தக் காணிக்கு எதிராகப் பதிவகத்தில் பதியச் சொல்லுங்கள். பதியாவிட்டால் வழக்கு நடக்கும்போதே காணி மூன்றாம் ஆளுக்குக் கைமாறிவிடலாம்.

தனியார் கடனில் வட்டிக்கு ஒரு மேல்வரம்பு உண்டு. குடியியல் சட்டக் கட்டளைச் சட்டத்தின்படி, அறவிடக்கூடிய வட்டி முதலை மிஞ்சக்கூடாது. ஐந்து இலட்சத்துக்கு மாதம் 3 வீதம் என்றால் மாதம் 15,000. கட்டப்படாமல் நிற்கும் வட்டி 34 ஆவது மாதத்தில் ஐந்து இலட்சத்தைத் தாண்டிவிடும். அதற்கு மேல் எத்தனை வருடம் ஓடினாலும் வழக்கில் அது வராது. வட்டிக்குக் கொடுத்தவர்கள் இதைச் சொல்லமாட்டார்கள்.

6. எங்கே போவது?

பொலிசிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் எல்லோரும் அங்கேதான் தொடங்குகிறார்கள். சொன்ன சொல்லைக் காப்பாற்றாதது குற்றம் ஆகாது. தொடக்கத்திலிருந்தே ஏமாற்றும் எண்ணம் இருந்தால் மோசடி, நம்பிக் கொடுத்த பொருளையோ காசையோ தன்னுடையதாக்கினால் நம்பிக்கை மோசடி. இவை தண்டனைச் சட்டக்கோவைக்குள் வரும். வெறும் தாமதத்தையும் கடனையும் மோசடி என்று எழுதிக்கொடுத்தால், பொலிஸ் இரண்டு பேரையும் கூப்பிட்டுக் கதைத்துவிட்டு அனுப்பும். நீங்கள் அங்கே சொன்ன முரணான வசனங்கள் மட்டும் பதிவில் நிற்கும்.

காசோலை திரும்பி வந்திருந்தால் நிலைமை வேறு. கணக்கில் காசில்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது 1990 ஆம் ஆண்டின் 2 ஆம் இலக்கக் கடன் அறவீட்டுச் சட்டத்தின் 25 ஆம் பிரிவின்படி குற்றம். அதோடு, காசோலைக்கும் புறோநோட்டுக்கும் குடியியல் நடவடிக்கைமுறைக் கோவையில் சுருக்கமான வழக்குமுறை ஒன்று உண்டு. அதில் எதிராளி நீதிமன்றத்தின் அனுமதி பெற்றுத்தான் எதிர்வாதம் செய்யலாம். காசோலையோடு வங்கி தந்த திரும்பல் துண்டையும் தவறவிடாதீர்கள்.

சிறு தொகைப் பிணக்குகள் முதலில் மத்தியஸ்த சபைக்குப் போகவேண்டும். 1988 ஆம் ஆண்டின் 72 ஆம் இலக்கச் சட்டம் அதைக் கட்டாயமாக்குகிறது. தொகை வரம்பு அவ்வப்போது உயர்த்தப்படுவதால், வழக்குத் தாக்கல் செய்யும் நாளில் எது நடைமுறையோ அதுதான் கணக்கு. சபைகள் பெரும்பாலும் வார இறுதியில், பாடசாலை மண்டபங்களில் கூடுகின்றன. செலவு ஏறக்குறைய இல்லை. சட்டத்தரணி உங்களுக்காகப் பேச முடியாது, நீங்களே பேசவேண்டும். இணக்கம் வராவிட்டால் இணக்கமின்மைச் சான்றிதழ் தருவார்கள். அது இல்லாமல் நீதிமன்றத்துக்குப் போனால் வழக்கு அந்த இடத்திலேயே சறுக்கும். மற்றவர் வரவில்லை என்பதற்காக நீங்களும் போகாமல் விடாதீர்கள், சான்றிதழ் தேவை.

வரம்புக்கு மேற்பட்டவை மாவட்ட நீதிமன்றத்துக்கு. எதிராளி வசிக்கும் இடம், ஒப்பந்தம் செய்த இடம், மீறல் நடந்த இடம், காணி இருக்கும் இடம் என்பவற்றைப் பொறுத்து எந்த நீதிமன்றம் என்பது தீரும். கொழும்பு மாவட்ட நீதிமன்றம் புதுக்கடையில். தெஹிவளைக்காரருக்குக் கல்கிசை. பெரிய வணிகத் தொகைகள் வணிக மேல் நீதிமன்றத்துக்குப் போகும். அதன் தொகை வரம்பும் வர்த்தமானியால் மாறுவது.

ஒப்பந்தத்தில் நடுத்தீர்ப்புப் பிரிவு இருந்தால் அதை முதலில் மதியுங்கள். 1995 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டத்தின்படி, மற்றவர் ஆட்சேபித்தால் நீதிமன்றம் அந்த வழக்கை எடுக்காது. நடுத்தீர்ப்பாளர்களின் கட்டணத்தை இரு தரப்பும்தான் கட்டவேண்டும். ஐந்து இலட்சம் ரூபாப் பிணக்குக்கு மூன்று நடுத்தீர்ப்பாளர் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைப்பது விசர் வேலை.

வேலை நீக்கம் என்றால் தொழில் நியாயசபை, அதுவும் ஆறு மாதத்துக்குள். கடையில் வாங்கிய பொருள், சேவை என்றால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு மூன்று மாதத்துக்குள் முறையிடலாம்.

7. காலவரம்பு: இதைச் சுவரில் எழுதி வையுங்கள்

எழுத்து மூல ஒப்பந்தம்: மீறல் நடந்து 6 வருடம்.
வாய்மொழி ஒப்பந்தம்: 3 வருடம்.
விற்று ஒப்படைத்த சாமான், கடைப் பில், புத்தகக் கடன், செய்த வேலைக்கான கூலி: 1 வருடம்.

இவை 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் காலாவதிக் கட்டளைச் சட்டத்தில் உள்ளவை. மூன்றாவதைப் பாருங்கள். புறக்கோட்டையில் பில்லுக்குக் கடன் கொடுக்கிற வியாபாரிகள் “ஆறு வருடம் இருக்குதானே” என்று இருந்துவிட்டு, இரண்டாம் வருடத்தில் சட்டத்தரணியிடம் வருவார்கள். வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே கடன் ஒப்பந்தம் ஒன்றில் கையெழுத்து வாங்கியிருந்தால் நிலைமை வேறாக இருந்திருக்கும்.

கடனாளி எழுத்தில் கடனை ஏற்றாலோ ஒரு பகுதியைக் கட்டினாலோ கணக்கு மீண்டும் தொடக்கத்திலிருந்து ஓடும். கடன் கொடுத்தவருக்கு இது வாய்ப்பு. காலம் கடந்த கடனுக்கு “மனச்சாட்சிக்காக” ஐயாயிரம் அனுப்பப்போகிறவர் அதற்குமுன் ஒரு சட்டத்தரணியைக் கேளுங்கள். அரசுக்கு எதிரான வழக்கென்றால் ஒரு மாத முன்னறிவித்தல் வேண்டும், அதையும் கழித்துப் பாருங்கள்.

8. வழக்கும் செலவும்

சட்டத்தரணியைச் சந்திக்கும்போது மூன்று கேள்வி கேளுங்கள். வழக்குரை தயாரித்துத் தாக்கல் செய்ய எவ்வளவு? ஒவ்வொரு தவணைக்கும் (வழக்கு கூப்பிடும் நாளுக்கும்) எவ்வளவு? வாதாட வேறொரு சட்டத்தரணி வருவாரா, அவருக்குத் தனியாகவா? மொத்தத் தொகையை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஆனால் தவணைக் கட்டணம் தெரிந்தால் மனக்கணக்குப் போடலாம். வென்றால் செலவு கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் நீதிமன்ற அட்டவணைப்படி கிடைப்பது, நீங்கள் உண்மையில் செலவழித்ததில் சிறு பகுதிதான். கட்ட வசதியில்லாதவர்கள் புதுக்கடையில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவில் விசாரிக்கலாம்.

வழக்குரை, அழைப்பாணை, விடை, விசாரணைக்கு முந்திய கட்டம், விசாரணை, தீர்ப்பு என்று போகும். எதிர்த்து நடக்கும் வழக்கு வருடக்கணக்கு. தொகை சிறிதென்றால் கோரிக்கைக் கடிதத்தோடும் மத்தியஸ்த சபையோடும் எழுபது வீதத்துக்கு இணங்கிப்போவது பல வேளையில் நல்ல வியாபாரம்.

அழைப்பாணை வந்தவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. நீதிமன்றத்துக்குப் போகாவிட்டால் ஒருதலையாகத் தீர்ப்பு வரும். அந்தத் தீர்ப்பாணை கையில் கிடைத்து 14 நாளுக்குள் நியாயமான காரணத்தோடு விண்ணப்பித்தால்தான் நீக்க வாய்ப்பு. மேன்முறையீட்டுக்கும் அவசரம் உண்டு. தீர்ப்பிலிருந்து 14 நாளுக்குள் அறிவித்தல், 60 நாளுக்குள் மனு. வீடு மாறினால் உங்கள் சட்டத்தரணிக்குப் புது முகவரியைக் கொடுங்கள். கடிதம் பழைய வீட்டு வாசலில் கிடந்ததால் தோற்ற வழக்குகள் நிறைய.

தீர்ப்பு கிடைத்தவுடன் காசு வந்து சேராது. கட்டாதவருக்கு எதிராக நிறைவேற்றுக் கட்டளை கேட்டு, பிஸ்கால் (நீதிமன்றக் கட்டளையை நிறைவேற்றும் அலுவலர்) மூலம் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடவேண்டும். தீர்ப்பாணையிலிருந்து 10 வருடம் அவகாசம். எதிராளியின் பெயரில் என்ன இருக்கிறது என்பதை வழக்குக்கு முன்பே விசாரியுங்கள்: காணியா, வாகனமா, எந்த வங்கி. எல்லாம் மனைவி பெயரில், கடை தம்பி பெயரில் என்றால் தீர்ப்பைப் படம்போலச் சட்டகம் போட்டுச் சுவரில் மாட்டத்தான் உதவும். வழக்குக்குப் பயந்து சொத்தைக் கைமாற்றுவதாக ஆதாரம் இருந்தால், தீர்ப்புக்கு முன்பே முடக்கக் கேட்கலாம்.

9. முறிக்க வேண்டியவர் நீங்கள் என்றால்

வேலை ஒப்பந்தம். அறிவித்தல் காலம் கொடுக்காமல் விலகினால், அந்தக் காலத்துச் சம்பளத்தைக் கம்பனி கேட்கலாம். பயிற்சிக்காக “பொண்ட்” (குறித்த காலம் வேலை செய்வேன், இல்லையென்றால் காசு கட்டுவேன் என்ற பத்திரம்) எழுதியிருந்தால், கம்பனி உங்களுக்காக உண்மையில் என்ன செலவழித்தது, அதில் எவ்வளவு காலம் வேலை செய்து ஈடுசெய்துவிட்டீர்கள் என்பதை முன்வைத்துப் பேரம் பேசலாம். சான்றிதழ்களின் மூலப்பிரதியைக் கம்பனியிடம் ஒப்படைக்காதீர்கள். ஊழியர் சேமலாப நிதி கம்பனியின் காசு இல்லை, அதைப் பிடித்துவைக்க அவர்களுக்கு உரிமையும் இல்லை. பொண்டில் பிணை வைத்த மாமாவையும் சித்தப்பாவையும் மறக்க வேண்டாம். பெரும்பாலான பிணைப் பத்திரங்களில் “முதலில் கடனாளியிடம் கேள்” என்ற உரிமையைப் பிணையாளர் விட்டுக்கொடுத்திருப்பார். கடிதம் நேரே அவர் வீட்டுக்குத்தான் போகும். ஆகவே அவருக்கு முன்கூட்டிச் சொல்லிவிடுங்கள்.

வங்கி ஈடு. பெரிய கடனில் தவணை தவறினால் வங்கிகளுக்கு 1990 ஆம் ஆண்டின் 4 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் நீதிமன்றம் போகாமலே ஈட்டுச் சொத்தை ஏலம் விடும் அதிகாரம் உண்டு. மறுசீரமைப்பை எழுத்தில் கேட்பது ஏல அறிவித்தல் பத்திரிகையில் வரமுன் நடக்கவேண்டும்.

வாடகை வீடு. நொத்தாரிசுக் குத்தகையில் இடையில் விலகும் பிரிவு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் மாற்றுக் குடியிருப்பாளரைக் கூட்டிவந்து கொடுப்பதுதான் மலிவான வழி. காலம் முடிந்தும் வெளியேறாதவருக்கு எதிராகச் சொந்தக்காரர் மாவட்ட நீதிமன்றத்தில் விரைவாக வீட்டை மீட்க 2023 ஆம் ஆண்டில் தனிச்சட்டமே வந்திருக்கிறது. அதேநேரம், சொந்தக்காரர் பூட்டை மாற்றுவதற்கோ ஆட்களைக் கொண்டுவந்து சாமானை வெளியே எறிவதற்கோ சட்டத்தில் இடமில்லை. அப்படி பலவந்தமாக வெளியேற்றினால் இரண்டு மாதத்துக்குள் நீதவான் நீதிமன்றத்தில் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின்கீழ் மனுப்போட்டு மீண்டும் உள்ளே வரலாம். இதற்கு மட்டும் பொலிஸ் முறைப்பாடு உடனே வேண்டும்.

இணக்கத்தோடு பிரிந்தால் அதையும் எழுத்தில் வையுங்கள். திகதி, திருப்பித் தரும் தொகை, இனி இருவருக்கும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்ற வரி, இரண்டு கையெழுத்து. பாதுகாப்புக்காகக் கொடுத்த வெற்றுக் காசோலைகளை எண்ணி, இலக்கம் பார்த்துத் திருப்பி வாங்குங்கள். சாவி கொடுக்கும் நாளில் மின்மானியையும் நீர்மானியையும் படம் எடுத்து, சாவி பெற்றுக்கொண்டதாக இரண்டு வரி எழுதி வாங்குங்கள். முற்பணத்தில் ஒரு பகுதியைப் பிறகு தருவதாகச் சொன்னால், எந்தத் திகதி, எந்தக் கணக்கு என்பதும் அதே தாளில் வரவேண்டும்.